இஞ்சியின் மணமும் காரமும்
(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய சொற்பொழிவு)



மெட்ரிகுலேஷன் வகுப்போடு பள்ளிக்கு விடைகொடுத்து, ரயில்வேச் சரக்கு அலுவலகத்தில் பேரேடும் ரசீதுமாகக் காலம் கழிக்கும் எளியேன், இம்மேடையில் விஞ்ஞானப் பொருள் ஒன்றைப் பேச முன்வந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். காரணம் இதுதான். நம் மாதர் பிரிவினர் சென்ற மாதக் கூட்டத்தில் இரண்டு வினாக்களை எழுப்பினர். கடையில் சிறு சீசாக்களில் விற்கும் இஞ்சித் தைலத்தைக் கொண்டு விழாவுக்கு இஞ்சிப் பானம் செய்யலாமா என்பது ஒன்று. குழந்தையின் வயிற்று உப்புசத்திற்கு இஞ்சிச் சாற்றுக்குப் பதிலாக அத்தைலத்தில் இரண்டு துளி கொடுக்கலாமா என்பது மற்றொன்று. முன்னது சுவையைப் பற்றியது. பின்னது உயிரைப் பற்றியது. ஆதலின் அறிந்த அளவிற்கு விடை கூறுவது கடமை எனக் கருதினேன்.

இஞ்சி நமக்குப் புதியதன்று. தீபாவளி மருந்து கிளறாத வீடும், சுக்கு இல்லாத அஞ்சறைப் பெட்டியும் நம் காலனியில் இரா. ஆங்கிலத்தில் 'ஜிஞ்சர்' என்றும், இலத்தீனில் 'சிஞ்ஜிபர்' என்றும், கிரேக்கத்தில் 'சிங்கிபெரிஸ்' என்றும் வழங்கும் பெயர்களைப் பின்னோக்கித் தொடர்ந்து சென்றால், பாலி மொழியின் 'சிங்கிவேரம்' வழியாகத் தென்னாட்டு 'இஞ்சி வேர்' வரை வந்து சேரலாம் என்பது மொழிநூலறிஞர் பலர் கொண்ட கருத்து. சரக்கோடு பெயரும் கப்பலேறிப் போயிற்று போலும்!

இனிப் பொருளுக்கு வருவோம். இஞ்சியில் மணம் ஒன்று, காரம் ஒன்று என இரு செல்வங்கள் உள்ளன. நாம் கடித்துத் தின்னும்போது இரண்டும் ஒருங்கே வருவதால் அவற்றை ஒன்றென்றே எண்ணிவிடுகிறோம். உண்மையில் அவை வெவ்வேறு பொருள்கள். மணம் தருபவை எளிதில் ஆவியாகிப் பறக்கும் எண்ணெய்ப் பொருள்கள். அவற்றுள் தலையானது சிஞ்ஜிபெரின். காரம் தருவது ஜிஞ்சரால் என்னும் பொருள். 1879-ஆம் ஆண்டில் திரெஷ் என்ற ஆங்கிலேயர் அதனை ஆராய்ந்து பெயரிட்டார். ஜிஞ்சரால் ஆவியாகிப் பறக்கும் இயல்புடையதன்று. இந்த ஒரு வேறுபாட்டை மனத்தில் இருத்திக் கொண்டால், நான் இன்று சொல்லப்போகும் யாவும் எளிதில் விளங்கும்.

இஞ்சித் தைலம் எவ்வாறு எடுக்கப்படுகிறது? நம் முன்னோர் பன்னீர் வடித்த வாலையை அறிவீர்கள். அதே முறைதான். உலர்ந்த இஞ்சியைக் கரகரப்பாகப் பொடித்துப் பெரிய கொப்பரையில் இட்டு, அதனூடே நீராவியைச் செலுத்துவார்கள். தனியே காய்ச்சினால் 200 பாகைக்கும் வெகுவாக மேற்பட்ட வெப்பத்தில்தான் கொதிக்கக்கூடிய அம்மணப் பொருள்கள், நீராவியின் துணை கிடைத்தவுடன் 100 பாகைக்குள்ளாகவே அதனுடன் புறப்பட்டுவிடுகின்றன. தனியே நகரமாட்டாத பெட்டியை எஞ்சின் இழுத்துச் செல்வது போல என்று நம்மவர்க்குச் சொன்னால் போதும். நீராவி எஞ்சின்கள் நம் பெரும்பாதைகளை விட்டு ஓய்வு பெற்றுவிட்டன. வாலையில் நீராவி இன்றும் ஓயாது உழைக்கிறது. அவ்வாவியைக் குளிர்ந்த குழாயில் செலுத்தினால் நீரும் தைலமும் ஒருங்கே வடியும். தைலம் நீரினும் இலேசானது. ஆகையால் மேலே மிதக்கும். அதனைப் பிரித்தெடுப்பார்கள். வெளிர்மஞ்சள் நிறமுள்ள அந்நீர்மமே இஞ்சித் தைலம்.

காரப்பொருள் ஆவியாகாது என்றேன் அல்லவா? ஆகவே அது கொப்பரையிலேயே தங்கிவிடும். தைலத்தில் மணம் உண்டு. இஞ்சியின் உறைப்பு இல்லை. 'இஞ்சி தின்ற குரங்கு' என்பது நம் பழமொழி. அக்குரங்குக்கு இஞ்சிக்குப் பதிலாக அதன் தைலத்தை முகரக் கொடுத்திருந்தால், பழமொழியே பிறந்திராது!

மணமும் காரமும் சேர்ந்தே வேண்டுமாயின் வேறு வழி உண்டு. சுக்குப் பொடியைச் சாராயச் சத்து, அசிட்டோன் போன்ற கரைப்பான்களில் ஊறவைத்து, பின்னர்க் கரைப்பானை நீக்கிவிட்டால், கரும்பழுப்பு நிறமான பிசின் போன்ற பொருள் எஞ்சும். அதற்கு ஓலியோரெசின் என்று பெயர். அதில் தைலமும் காரமும் இரண்டும் அடங்கும். 1950-இல் மைசூரில் திறக்கப்பட்ட மத்திய உணவுத் தொழில்நுட்ப ஆராய்ச்சி நிலையம் நறுமணப் பொருள்களிலிருந்து ஓலியோரெசின் எடுக்கும் முறைகளை ஆராய்ந்து தொழிலுக்கு உதவியது. இன்று கொச்சியைச் சூழ்ந்த பகுதி இத்தொழிலில் உலகறிந்த இடமாக விளங்குகிறது.

பச்சை இஞ்சிக்கும் சுக்குக்கும் மணத்தில் வேற்றுமை இருப்பதைத் தாய்மார்கள் நன்கறிவர். பச்சை இஞ்சியில் சிட்ரால் என்னும் பொருள் சற்று மிகுதி. எலுமிச்சம்புல்லில் நிறைந்திருப்பதும் அதுவே. அதனால்தான் பச்சை இஞ்சியை நறுக்கும்போது எலுமிச்சையின் சாயல் வீசுகிறது. கொச்சி இஞ்சி உலகச் சந்தையில் பெயர் பெற்றதும் இச்சாயலினாலேயே. உலரும்போது அது குறைகிறது. காரமோ வேறு விதமாக மாறுகிறது. ஜிஞ்சரால் உலர்ந்து ஷோகால் ஆகிறது. ஜப்பானிய மொழியில் இஞ்சிக்கு 'ஷோகா' என்று பெயர், அதிலிருந்து வந்த சொல் இது. ஷோகால் ஜிஞ்சராலினும் மிக்க காரமுடையது. சுக்கு இஞ்சியைவிடச் சுள்ளென்று உறைப்பதன் காரணம் இதுதான். சமைக்கும்போதோ ஜிஞ்சராலில் ஒரு பகுதி சிஞ்ஜரோன் என்னும் இனிய, மென்மையான பொருளாகிறது. பச்சடியில் கடுக்கும் இஞ்சி பாகில் வெந்தபின் சாந்தம் அடைவது இவ்வாறே.

சுவையூட்டும் தொழிலில் இத்தைலத்திற்குப் பெரிய இடம் உண்டு. ரொட்டி, பிஸ்கோத்து, மிட்டாய், ஊறுகாய், குளிர்பானம் ஆகியவற்றில் அது சேர்கிறது. 1872-இல் ஹைரம் காட் என்பவர் கோலி அடைத்த சோடாப் புட்டிக்கு உரிமம் பெற்றார். அப்புட்டி நம் ஊர்த் திருவிழாக்கள் வரை வந்து சேர்ந்ததை யாவரும் அறிவோம். 1904-இல் கானடாவின் டொராண்டோ நகரில் ஜான் மக்லாலின் என்பவர் 'கானடா டிரை' என்ற இஞ்சிப் பானத்தை உருவாக்கினார். இப்பானங்களில் ஒரு சங்கடம் உண்டு. எண்ணெயும் நீரும் கலவா. தைலத்தை அப்படியே சோடாவில் விட்டால் மேலே படலமாக மிதக்கும். ஒருவர் வாய்க்கு ஒன்றும் வாராது, மற்றொருவர் வாய்க்கு முழுதும் போகும். ஆகவே தொழிற்சாலையார் அதைச் சாராயச் சத்தில் கரைத்தும், வேலம்பிசின் போன்றவற்றைக் கொண்டு பால்போல் குழைத்தும், அளவு பார்த்துச் சேர்ப்பர். காரம் வேண்டின் ஓலியோரெசினையும் தனியே சேர்ப்பர்.

வாசனைத் திரவியத் துறையிலும் இஞ்சிக்கு நல்ல மதிப்பு. மல்லிகையும் ரோஜாவும் போல முன்னே வந்து நிற்கும் மணமன்று இது. எலுமிச்சை, நாரத்தை இன மணங்களோடும் சந்தனத்தோடும் சிறிதளவு கூடி, அவற்றிற்கு ஒரு கதகதப்பை ஊட்டும். ஆடவர் பூசும் கொலோன் வகைகளில் இது பயன்படுகிறது. கச்சேரியில் பாடகர் ஒருவராயினும், பின்னிருந்து சுருதி கூட்டுபவர் இன்றியமையாதவர் அன்றோ? அண்மைக் காலத்தில் கரியமிலவாயுவை மிகுந்த அழுத்தத்தில் செலுத்திச் சாரம் எடுக்கும் முறையும் வழக்கில் உள்ளது. அதில் வெப்பம் குறைவாதலால், பச்சை இஞ்சியின் மணம் பெரிதும் அப்படியே கிடைக்கிறது.

இங்கே என் தொழிலை ஒட்டிய செய்தி ஒன்று சொல்ல விரும்புகிறேன். நாம் குடியிருக்கும் இந்த அஸ்ஸாமின் கார்பி ஆங்லோங் மலைகளில் விளையும் இஞ்சி புவிசார் குறியீடு பெற்றது. நார் குறைந்த நதியா என்னும் வகை அங்கே பெரிதும் பயிராகிறது. மூட்டை மூட்டையாக அது கீழிறங்கி வரும். பச்சை இஞ்சி ஏற்றிய இடத்து எடை இறக்கும் இடத்தில் இராது. வழியில் நீர் வற்றும். உடனே எடைக் குறைவு என்று வழக்கு எழும். ஆனால் தராசு அறிவது நீரைத்தான். மணத்தை அது அறியாது. 100 கிலோ பச்சை இஞ்சி உலர்ந்தால் 20 முதல் 25 கிலோ சுக்காகும். சுக்கில் நூற்றுக்கு இரண்டு பங்கு தைலம் என்று கொண்டால், கிடைப்பது 400 முதல் 500 கிராம். ஒரு மலைவாசி முதுகிலும் தலையிலும் சுமந்து இறக்கிய 100 கிலோவின் மணம் அரைப்படி நீர்மத்துக்குள் அடங்கிவிடுகிறது! விளைச்சல் மிகுந்த ஆண்டில் பச்சை இஞ்சி விலை வீழும். அழுகும் பண்டமாதலால் உழவன் காத்திருக்க இயலாது. சுக்காக்கியும் தைலமாக்கியும் வைக்க வல்லவனே காத்திருந்து விற்க வல்லவன். விளைப்பவன் ஒருவன், மணத்தை விற்பவன் வேறொருவன் என்ற நிலை மாற வேண்டுமானால், அம்மலைகளின் அருகிலேயே உலர்த்தும் களங்களும் வாலைகளும் கூட்டுறவு முறையில் பெருக வேண்டும் என்பது என் எளிய கருத்து.

அதற்கும் கவனம் வேண்டும். தைல அறைகள் இஞ்சியின் தோலை ஒட்டிய பகுதியில் மிகுந்திருக்கின்றன. ஆழமாகச் சீவினால் தைலம் போயிற்று. ஆகவேதான் கேரளத்தில் இரும்புக் கத்தியை விலக்கி, கூர் சீவிய மூங்கில் சிம்பால் மேல்தோலை மட்டும் சுரண்டுவர். இரும்பு பட்டால் நிறமும் கெடும். வடிப்பதற்கென்றே உள்ள சுக்கைத் தோலோடு பயன்படுத்துவதும் உண்டு. நம் தாய்மார்களும் வீட்டில் கரண்டி விளிம்பால் மெல்லச் சுரண்டுவதே சிக்கனம்.

இனி வினாக்களுக்கு விடை கூறுகிறேன். பானத்திற்குத் தைலம் வேண்டா. நீரில் கலவாது; காரமும் தராது; அளவு தவறினால் வாய் புண்படும். இஞ்சியை இடித்துச் சாறு பிழிந்து, அடியில் படியும் வெண்ணிற மாவை நீக்கித் தெளிய வைத்து, எலுமிச்சையும் சர்க்கரைப் பாகும் கூட்டினால் மணமும் காரமும் ஒருசேரக் கிடைக்கும், செலவும் குறைவு.

குழந்தைகளுக்கு அத்தைலத்தைக் கொடுத்தல் ஒருபோதும் ஆகாது. மேற்சொன்ன கணக்கைத் திருப்பிப் பாருங்கள். ஒரு தேக்கரண்டித் தைலத்திற்குள் ஒரு கிலோ பச்சை இஞ்சியின் மணப்பொருள் செறிந்திருக்கிறது. பாட்டி கொடுத்த சாற்றையும் இதையும் ஒரே தராசில் வைக்கலாமா? இத்தகைய தைலங்கள் குழந்தையின் வாய்க்குள் சென்று மூச்சுக்குழாயில் இறங்கினால் நுரையீரலுக்குக் கேடு. தோலில் நேரே பூசினும் எரிச்சல் உண்டாகலாம். கைக்குழந்தைக்கு வயிற்றுவலி என்றால் மருத்துவரிடம் செல்வதே முறை. இஞ்சி போட்டுக் காய்ச்சிய நல்லெண்ணெய் வேறு, வடித்த தைலம் வேறு. இரண்டையும் ஒரே பெயரால் விற்பவர் உண்டு. சீட்டைப் படித்து வாங்குங்கள். வாங்கியதைக் கருநிறச் சீசாவில் காற்றும் வெளிச்சமும் புகாமல், குழந்தை கைக்கு எட்டாத உயரத்தில் வையுங்கள். திறந்து வைத்தால் நாளடைவில் தடித்து மணம் கெடும்.

அன்பர்களே! 'சுக்குக்கு மிஞ்சிய மருந்தில்லை' என்று நம் முன்னோர் சொன்னது சுக்கை, சீசாவை அன்று. பழமையின் பெயரைச் சொல்லிப் புதிய பண்டத்தை அளவின்றிக் கொள்ளுதல் பழமைக்கும் மரியாதையன்று, புதுமைக்கும் மரியாதையன்று. நம் பிள்ளைகளுள் சிலரேனும் இரசாயனம் பயின்று, இம்மலைகளின் மணம் மலைமக்களுக்கே பயன்தர வழி காண்பாராக.