மனந்திரும்புதல் என்னும் முன்றில்



1814ஆம் ஆண்டில் மட்டக்களப்பிற்கு வந்து, மறு ஆண்டே அங்கு உயிர்நீத்தவர் மெதடிஸ்த குருவானவர் வில்லியம் ஓல்ட். அவர் சார்ந்த இயக்கத்தைத் தோற்றுவித்த ஜோன் வெஸ்லி, மனந்திரும்புதலைச் சமயத்தின் முன்றிலென்றும், விசுவாசத்தை வாயிலென்றும், பரிசுத்த வாழ்வைச் சமயமென்றும் உருவகித்தார். முன்றிலை மிதியாது வீட்டினுள் புகுவார் இலர்.

ஆயினும் மனந்திரும்புதலை அழுகையென்றே கொள்வார் பலர். ஆரையம்பதியில் வாழும் ஒருவன், வாவிக்கப்பால் படுவான்கரையில் அயலவனின் வயல் வரம்பைச் சிறிது சிறிதாக வெட்டித் தன் காணியோடு சேர்த்துக்கொண்டான் என வைத்துக்கொள்வோம். ஞாயிறுதோறும் அவன் ஆலயத்திற் கண்ணீர் விடுகிறான். வரம்போ வெட்டியபடியே கிடக்கிறது. இதனைத் துயரம் எனலாம்; திரும்புதல் எனல் ஆகாது. மனம் திரும்பினால் கையும் காலும் உடன் திரும்பவேண்டுமன்றோ?

அவ்வாறாயின், பொருளைத் திருப்பிக் கொடுத்த மாத்திரத்தில் இரட்சிப்பு உண்டாகிவிடுமோ? யூதாசும் 30 வெள்ளிக்காசைத் திருப்பிக் கொடுத்தான், குற்றத்தையும் ஒப்புக்கொண்டான். ஆனால் இயேசுவிடம் திரும்பி வந்தானல்லன். தனித்துச் சென்று உயிரை மாய்த்துக்கொண்டான். அவரை மும்முறை மறுதலித்த பேதுருவோ மனங்கசந்து அழுதார். பின்னர் அவரிடமே திரும்பி வந்தார்.

ஆயக்காரர் தலைவனாகிய சகேயுவிடம் இவ்விரண்டும் ஒருங்கே காணப்படுகின்றன. ஆஸ்தியிற் பாதியை ஏழைகளுக்குக் கொடுக்கவும், அநியாயமாய்ப் பெற்றதை நான்கு மடங்காகத் திருப்பவும் அவன் முன்வந்தான். ஆனால் அதற்கு முன்னரே, ஊரார் முறுமுறுக்க, இயேசு அவன் வீட்டில் தங்க இசைந்திருந்தார். கணக்கைத் தீர்த்து அவன் அவரை விலைக்கு வாங்கவில்லை.