ஹைட்ரஜன் நீரும் தேகாரோக்கியமும்
(சங்கத்தின் மாதாந்தரக் கூட்டத்தில் நிகழ்த்திய பிரசங்கம்)



நம் சங்கத்துப் பெரியவர் ஒருவர், ஹைட்ரஜன் நீர் தரும் இயந்திரமொன்றைப் பெரும்பொருள் கொடுத்து வாங்கினார். அந்நீரைப் பருகத் தொடங்கியபின் நீரிழிவுக்குரிய மாத்திரைகள் இனி எதற்கென்று எம்மை வினவினார். அவ்வினாவே இப்பிரசங்கத்திற்குக் காரணம்.

நாம் சுவாசிக்கும் பிராணவாயுவில் ஒரு சிறுபங்கு தேகத்தினுள் உக்கிரமான சில பொருள்களாக மாறுகின்றது. அவை யாவும் பகையல்ல. நோய்க்கிருமிகளை மாய்ப்பதற்குச் சில வேண்டற்பாலன. ஹைட்ராக்ஸில் என்பதோ எதிர்ப்பட்டதையெல்லாம் கெடுப்பது. டோக்கியோவிலுள்ள நிப்பான் மருத்துவப் பள்ளியைச் சார்ந்த ஷிகியோ ஓட்டாவும் அவர்தம் துணைவர்களும், ஹைட்ரஜன் இக்கொடியதையே தேர்ந்து அடக்குகின்றதென்று 2007ஆம் ஆண்டில் வெளியிட்டனர். மூளைக்கு இரத்தவோட்டம் தடைப்பட்ட எலிகள் அவ்வாயுவைச் சுவாசித்தபோது மூளையின் சேதம் குறைந்தது. அவர்கள் கூறிய காரணம் முற்றும் போதுமா என்பதில் அறிஞரிடையே இன்றும் வாதமுண்டு.

பின்னர் ஜப்பானில் 15 மருத்துவ நிலையங்கள் கூடி ஒரு சோதனை செய்தன. இதயம் நின்று மீண்டும் இயங்கியும் நினைவு திரும்பாத நோயாளர் 73 பேர் அதில் இடம்பெற்றனர். ஒரு சாராருக்கு 2 சதவீத ஹைட்ரஜன் கலந்த பிராணவாயு 18 மணி நேரம் அளிக்கப்பட்டது. (காற்றில் 4 சதவீதத்தை எட்டினால் ஹைட்ரஜன் தீப்பற்றவல்லது, வீட்டில் விளையாடத்தக்க பொருளன்று.) 90 நாட்களுக்குப்பின் அவருள் 85 சதவீதத்தினரும், மற்றையோருள் 61 சதவீதத்தினரும் உயிருடனிருந்தனர். எனினும் முதன்மையாக நாடிய பயன், அதாவது மூளை நன்னிலை எய்துதல், ஐயமற நிலைபெறவில்லை. கொரோனாத் தொற்றினால் சோதனை எண்ணிய அளவை எட்டாமலே முடிந்தது. 2023இல் வெளிவந்த இம்முடிவு நம்பிக்கை தருகின்றது; தீர்ப்பன்று.

இனிப் புட்டிநீரை நோக்குவோம். சாதாரண நிலையில் ஒரு லிட்டர் நீர் ஏறக்குறைய 1.6 மில்லிகிராம் ஹைட்ரஜனையே ஏற்கும். அரை லிட்டர் பருகினால் வாயு 10 மில்லிலிட்டரளவே. மூடியைத் திறந்துவைத்தால் அதுவும் பறந்துபோம். மொச்சையும் பட்டாணியும் உண்டோர் வயிற்றிலோ, குடற்கிருமிகள் இதனினும் பன்மடங்கு ஹைட்ரஜனைச் செலவின்றி உண்டாக்குகின்றன. (சபையில் நகைக்கின்றீர்கள், மருத்துவர் மூச்சில் வரும் அவ்வாயுவை அளந்தே பால் செரியாமையைக் கண்டறிகின்றனர்.) இந்நீரின் பிறப்பிடமெனத் தகும் ஜப்பானிலேயே, ஆதாரமின்றி விளம்பரஞ் செய்த சில விற்பனையாளர்மீது அரசாங்கம் 2017இல் நடவடிக்கை எடுத்தது.

இந்நீரைப் பருகுவதால் கெடுதியொன்றும் தென்படவில்லை. கெடுதி அதை நம்பி மருந்தைக் கைவிடுவதிலேயாம். பெரியவர் எம்மை வினவியபோதே மாத்திரைகளை நிறுத்தி ஒரு திங்களாயிற்று என்பது பின்னரே தெரிந்தது. உடனே அவரை இரத்தப் பரிசோதனைக்கு அழைத்துச் சென்றோம், சர்க்கரை மிகுந்திருந்தது. மருத்துவர் சொற்படி அன்றிரவே மாத்திரை உட்கொண்டார், அவ்வியந்திரத்தின் நீரைக் கொண்டே.