கடைசி வீட்டுக் கதவு வரை

வங்கக் கடலில் உருவாகும் புயல் எங்கே, எப்போது கரையைக் கடக்கும் என்று சொல்வது இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வேலை. அந்தக் கரையில் குடியிருப்பவர்களை நேரத்தோடு உறுதியான கட்டடம் ஒன்றுக்குள் கொண்டுபோய்ச் சேர்ப்பது மாநில அரசின் வேலை. அரசியலமைப்பின் அதிகாரப் பட்டியல்களில் பேரிடர் என்று தனித் தலைப்பு கிடையாது. ஆனால் காவல்துறை, வருவாய்த் துறை, பொதுச் சுகாதாரம், ஊராட்சி எல்லாம் மாநிலத்தின் கையில் இருப்பதால், பொறுப்பும் அங்கேதான் வந்து சேருகிறது. இந்தப் பொறுப்பை ஒரு மாநிலம் எப்படிக் கற்றுக்கொள்கிறது என்பதற்கு இந்தியாவில் ஒடிசாவைவிட நல்ல சான்று இல்லை.

சட்டத்தின் ஏற்பாடு சுருக்கமானது. 2004 டிசம்பர் 26 அன்று நாகப்பட்டினத்தையும் கடலூரையும் அந்தமானையும் ஆழிப்பேரலை வாரிக்கொண்டு போன பிறகு, 2005இல் பேரிடர் மேலாண்மைச் சட்டம் வந்தது. அதன்படி மாநில ஆணையத்துக்கு முதலமைச்சர் தலைவர். நடவடிக்கைகளை இணைக்கும் நிர்வாகக் குழுவுக்குத் தலைமைச் செயலாளர் தலைவர். மாவட்டத்தில் ஆட்சியர் தலைவர். செலவுக்கு மாநிலப் பேரிடர் நிதி உண்டு. பெரும்பாலான மாநிலங்களில் அதன் நான்கில் மூன்று பங்கை மத்திய அரசும் ஒரு பங்கை மாநிலமும் போடுகின்றன. வடகிழக்கு மாநிலங்களுக்கும் இமயமலை மாநிலங்களுக்கும் மத்திய அரசின் பங்கு பத்தில் ஒன்பது. இந்தச் சட்டம் வருமுன்பே இரண்டு மாநிலங்கள் சொந்தமாக ஆணையம் அமைத்திருந்தன. ஒன்று, 2001 ஜனவரி 26இல் பூஜ் நிலநடுக்கத்தில் நொறுங்கிய குஜராத். அதற்கும் முந்தியது ஒடிசா.

ஒடிசாவின் பாடம் 1999 அக்டோபர் 29இல் தொடங்குகிறது. அன்று பாரதீப் துறைமுகத்தின் அருகே கரையேறிய சூப்பர் புயலின் காற்று மணிக்குச் சுமார் 260 கிலோமீட்டர் வேகத்தில் வீசியது. காற்றைவிடக் கொடியதாக இருந்தது கடல். ஜகத்சிங்பூர் மாவட்டத்தின் எர்சமா வட்டாரத்தில் ஆளுயரத்துக்கும் பல மடங்கு மேலே எழுந்த நீர், தாழ்ந்த நிலத்தில் கிலோமீட்டர் கணக்கில் உள்ளே வந்தது. அரசுக் கணக்குப்படி ஏறத்தாழ 10,000 பேர் இறந்தார்கள். அவர்களில் பெரும்பாலோர் அந்த ஒரு மாவட்டத்தைச் சேர்ந்தவர்கள். சாலைகள் மரம் விழுந்து அடைபட்டன, தொலைபேசி அறுந்தது, தலைநகர் புவனேஸ்வரமே துண்டிக்கப்பட்டுக் கிடந்தது. எந்த ஊரில் எத்தனை பேர் உயிரோடு இருக்கிறார்கள் என்பதே பல நாட்கள் ஆட்சியாளர்களுக்குத் தெரியவில்லை.

புயல் வருகிறது என்ற செய்தி அன்றைக்கும் வானொலியில் சொல்லப்பட்டது. இதை நினைவில் வைத்துக்கொள்வது நல்லது. செய்தி போய்ச் சேர்ந்த வீடுகளிலும் மக்கள் வெளியே வரவில்லை, ஏனென்றால் போவதற்கு இடம் இல்லை. அவ்வளவு நீளக் கடற்கரைக்கும் சேர்த்து அப்போது இருந்தவை செஞ்சிலுவைச் சங்கம் கட்டிய 23 புயல் பாதுகாப்பு மையங்கள்தான். அவற்றுக்குள் நுழைய முடிந்தவர்கள் பிழைத்தார்கள்.

புயல் ஓய்ந்து இரண்டே மாதத்தில், 1999 டிசம்பர் மாதக் கடைசியில், ஒடிசா மாநிலப் பேரிடர் ஆணையம் உருவானது. வறட்சி, வெள்ளம் என்று நிவாரணம் வழங்கிப் பழகிய சிறப்பு நிவாரண ஆணையர் அலுவலகம் அங்கே ஏற்கெனவே இருந்தது. நெருக்கடி நேரத்தில் உத்தரவு அங்கிருந்து போகும்; ஆண்டு முழுவதும் நடக்க வேண்டிய கட்டுமானமும் பயிற்சியும் ஆணையத்தின் பொறுப்பு. 2001இல் மாநிலக் காவல்துறையிலிருந்து ஆள் எடுத்து விரைவு மீட்புப் படை ஒன்று தொடங்கப்பட்டது. ரப்பர் படகும் மரம் அறுக்கும் இயந்திரமும் சாட்டிலைட் போனுமாக அது மாவட்டங்களில் பிரிந்து நிற்கிறது. தேசியப் பேரிடர் மீட்புப் படை பின்னால் வந்து சேர்ந்துகொள்ளும். முதல் சில மணி நேரத்துக்கு மாநிலம் தன் ஆட்களை வைத்துத்தான் சமாளிக்க வேண்டும் என்பது 1999 சொல்லிக்கொடுத்த கணக்கு.

இந்த ஏற்பாடுகளில் நின்று பார்க்கத் தகுந்தது அந்தப் புயல் பாதுகாப்பு மையம்தான். இன்று ஒடிசாவில் அப்படிப்பட்ட மையங்கள் 800க்கும் மேல் இருக்கின்றன. எங்கே கட்டுவது, எப்படிக் கட்டுவது என்பதற்குக் கரக்பூர் ஐ.ஐ.டி. துணைநின்றது. கீழ்த்தளத்தில் சுவர் கிடையாது, தூண்கள் மட்டுமே. கடல் வந்தால் தடையில்லாமல் அடியில் புகுந்து போய்விடும். மக்கள் தங்குவது மேல்தளத்தில். மணிக்கு 300 கிலோமீட்டர் காற்றைத் தாங்கும் கட்டுமானம். முதியவர்களும் மாற்றுத்திறனாளிகளும் ஏறுவதற்குச் சாய்தளம், பெண்களுக்குத் தனிக் கழிப்பறை, குடிநீர், ஜெனரேட்டர் எல்லாம் உண்டு. இடத்தைத் தேர்ந்தெடுக்கும்போது பார்த்த கணக்கு இன்னும் அருமையானது. ஒரு கிழவியும் ஒரு குழந்தையும் நடந்து வந்து சேரக்கூடிய தூரத்துக்குள், வழியில் ஆறோ கழிமுகமோ குறுக்கிடாமல் இருக்க வேண்டும். வரைபடத்தில் பக்கத்தில் தெரியும் மையத்துக்குப் போக ஓடம் ஏற வேண்டியிருந்தால், மழையும் காற்றும் உள்ள இரவில் அது இல்லாததற்குச் சமம்.

புயல் இல்லாத நாட்களில் அந்தக் கட்டடங்கள் பல பள்ளிக்கூடமாகவோ அங்கன்வாடியாகவோ, ஊர்க்கூட்டம் நடக்கும் இடமாகவோ இருக்கின்றன. ஐந்தாண்டு பூட்டிக்கிடந்த கட்டடத்துக்குள், அதிகாரி சொன்னார் என்பதற்காக ஒரு குடும்பம் நள்ளிரவில் வந்து படுக்காது. பிள்ளை தினமும் போய்வரும் இடம் என்றால் தாய்க்கு அது தெரிந்த இடம். சாவி எந்த வீட்டில் இருக்கிறது, அடிபம்பில் தண்ணீர் வருகிறதா, ஜெனரேட்டருக்கு டீசல் இருக்கிறதா என்பதெல்லாம் ஊரிலேயே நாலு பேருக்குத் தெரியும். மையத்தைப் பராமரிக்க உள்ளூர்க் குழு உண்டு. எச்சரிக்கை சொல்வதற்கு, மீட்புக்கு, முதலுதவிக்கு என்று இளைஞர்களும் பெண்களும் பிரிந்து பயிற்சி பெறுகிறார்கள். மழைக்காலத்தின் தொடக்கத்தில், ஜூன் மாதத்தில், ஒத்திகை நடக்கிறது. உண்மையான புயலுக்கு முன்பே ஒருமுறை அந்தப் படி ஏறியவர்கள் இரண்டாம் முறை தயங்குவதில்லை.

புயல் உருவானதும் எச்சரிக்கை படிப்படியாக இறங்கி வருகிறது. கரையைக் கடப்பதற்கு மூன்று நாள் முன்பு வானிலைத் துறையின் முதல் முன்னறிவிப்பு மாநிலத் தலைமைச் செயலாளருக்கு வருகிறது. இரண்டு நாள் முன்பு மஞ்சள், ஒரு நாள் முன்பு ஆரஞ்சு, பன்னிரண்டு மணி நேரம் முன்பு சிவப்பு. தமிழ்நாட்டில் துறைமுகங்களில் ஏறும் கூண்டு எண்கள் கப்பல்களுக்குச் சொல்வதை, இந்த நிறங்கள் மாவட்ட ஆட்சியர்களுக்குச் சொல்கின்றன. ஒடிசாவில் முதல் நாளே அரசு ஊழியர்களின் விடுப்பு ரத்தாகிறது, படகுகள் திரும்ப அழைக்கப்படுகின்றன. அவலும் வெல்லமும் மூட்டை மூட்டையாக ஊராட்சிகளுக்குப் போகின்றன. மின்வாரியம் கம்பங்களையும் டிரான்ஸ்ஃபார்மர்களையும் மாவட்ட எல்லையில் கொண்டுவந்து இறக்கி வைக்கிறது. கடலோர ஆறு மாவட்டங்களில் 122 கோபுரங்களில் ஒலிபெருக்கியும் சங்கும் பொருத்தப்பட்டிருக்கின்றன. தலைநகரிலிருந்தே அவற்றை ஒலிக்க முடியும்.

இதற்குப் பிறகுதான் மிகக் கடினமான வேலை. கருவி செய்யும் வேலை முடிந்து, மனிதர் கதவைத் தட்டும் வேலை தொடங்குகிறது. வெளியேற மறுப்பவர்களுக்குக் காரணம் இல்லாமல் இல்லை. வீட்டில் பசு இருக்கிறது, ஆடு இருக்கிறது. பூட்டிய வீட்டில் களவு போகும் என்ற பயம். படுத்த படுக்கையாய் இருக்கும் பெரியவரைத் தூக்கிக்கொண்டு எங்கே போவது என்ற தவிப்பு. போன முறை புயல் வருமென்று சொன்னார்கள், திசை மாறிப் போய்விட்டதே என்ற நினைப்பு. இவை ஒவ்வொன்றுக்கும் மாநிலம் ஒரு பதில் தயாராக வைத்திருக்க வேண்டும். கால்நடையின் கயிற்றை அவிழ்த்துவிடச் சொல்கிறார்கள். கட்டிப்போட்ட மாடு வெள்ளத்தில் மூழ்கும், அவிழ்ந்த மாடு மேட்டைத் தேடிப் போகும். காலியான ஊரில் காவலர் ரோந்து வருகிறார். மாற்றுத்திறனாளிகள் யார், தனியாக வாழும் முதியவர்கள் யார் என்ற பட்டியல் கையில் இருக்கிறது. பேறுகாலம் நெருங்கிய பெண்களை முன்னதாகவே மருத்துவமனைக்குக் கொண்டுபோய்விடுகிறார்கள். 2024 அக்டோபரில் டானா புயலுக்கு முன்பு அப்படிக் கொண்டுசேர்க்கப்பட்ட கர்ப்பிணிகள் 4,000க்கும் மேல். அவர்களில் நூற்றுக்கணக்கானோர் அந்த நாட்களில் பாதுகாப்பான கூரையின் கீழ்ப் பிள்ளை பெற்றார்கள். பேரிடர் நிர்வாகம் என்ற வறண்ட சொல்லுக்குள் இப்படிப்பட்ட கனிவும் அடங்கியிருக்கிறது.

கதவைத் தட்டுபவர் யார் என்பதும் முக்கியம். வெளியூர் அதிகாரியின் ஜீப்பைவிட, அன்றாடம் பார்க்கும் அங்கன்வாடி ஊழியரின் பேச்சுக்கும், மகளிர் சுயஉதவிக் குழுவில் பக்கத்தில் உட்காரும் பெண்ணின் பேச்சுக்கும் மதிப்பு அதிகம். ஒடிசாவின் வெற்றியில் பெரும்பங்கு இவர்களுடையது.

பலன் எண்களில் தெரிகிறது. 2013 அக்டோபர் 12இல் கோபால்பூர் அருகே பைலின் புயல் கரையைக் கடந்தது. காற்றின் வேகம் 200 கிலோமீட்டரைத் தாண்டியது. ஏறத்தாழ பத்து லட்சம் பேர் வெளியேற்றப்பட்டார்கள். இறந்தோர் ஐம்பதுக்கும் குறைவு. 2019 மே 3இல் பூரி அருகே ஃபானி வந்தது. கோடையில் இப்படியொரு கடும்புயல் அபூர்வம். சுமார் 12 லட்சம் பேர் இரண்டு நாளுக்குள் இடம்பெயர்ந்தார்கள். பூரியிலிருந்த யாத்திரிகர்களைச் சிறப்பு ரயில்கள் அழைத்துக்கொண்டு போயின. 64 உயிர்கள் போயின. ஓர் உயிரும் சிறிதல்ல. ஆனாலும் 1999இன் எண்ணை அருகில் வைத்துப் பார்க்கும்போது இந்த இருபது ஆண்டு உழைப்பின் அளவு புரிகிறது.

காற்று தணிந்ததும் வரிசை மாறாமல் வேலை நடக்க வேண்டும். முதலில் சாலை: மரம் அறுக்காமல் ஆம்புலன்ஸும் போகாது, மின்கம்பமும் போகாது. அடுத்து மருத்துவமனைக்கும் குடிநீர் நிலையத்துக்கும் மின்சாரம், பிறகுதான் வீடுகள். ஃபானியில் லட்சக்கணக்கான மின்கம்பங்கள் சாய்ந்தன. அண்டை மாநில மின்பணியாளர்கள் வந்து கைகொடுத்தார்கள். மாநிலங்களுக்கு இடையிலான இந்தக் கொடுக்கல் வாங்கலைத் தமிழ்நாட்டு டெல்டா மக்கள் நன்றாக அறிவார்கள். 2018 நவம்பர் 16 அதிகாலையில் வேதாரண்யம் பக்கம் கஜா புயல் கரையைக் கடப்பதற்கு முன்பு 80,000க்கும் மேற்பட்டோர் முகாம்களுக்கு அழைத்துச் செல்லப்பட்டார்கள். பின்னர் கேரளத்து லைன்மேன்கள் வந்து இங்கே கம்பம் நட்டார்கள். உயிரைக் காப்பாற்றிய நிர்வாகத்தால் தென்னையைக் காப்பாற்ற முடியவில்லை என்பதையும் அதே டெல்டா அறியும். இருபது முப்பது வருஷம் வளர்த்த தோப்புக்கு நிவாரணத் தொகை ஈடாவதில்லை. வெளியேற்றத்தில் கற்ற அளவுக்கு வாழ்வாதாரத்தை நிமிர்த்துவதில் எந்த மாநிலமும் இன்னும் கற்கவில்லை.

கடற்கரையை நோக்கியே அமைந்த ஏற்பாட்டின் குறையை டித்லி புயல் காட்டியது. 2018 அக்டோபர் 11இல் அது கரையைக் கடந்தது ஆந்திரத்தின் பலாசா அருகே. ஆனால் ஒடிசாவில் அதிக உயிர்கள் போனது கடலிலிருந்து தள்ளி, கஜபதி மாவட்டத்து மலைகளில். மழை கொட்டி மண் சரிந்தது. காற்றுக்கும் கடல் நீருக்கும் கட்டிய மையங்கள் மலைக்கிராமத்துக்குப் பயன்படவில்லை. மலைச்சரிவில் ஒதுங்கியவர்களே மண்ணுக்குள் போனார்கள். மாநிலத்தில் இறந்தோர் எண்ணிக்கை எழுபதைத் தாண்டியது. புயல் எச்சரிக்கையோடு மழையளவையும் மலைச்சரிவுகளையும் சேர்த்துப் பார்க்க வேண்டும் என்பது அதன் பிறகு எழுந்த கோரிக்கை.

புயல்கூட மூன்று நாள் அவகாசம் தருகிறது. மின்னல் அதைத் தருவதில்லை. ஒடிசாவில் ஆண்டுதோறும் முந்நூறு பேர் அளவில் மின்னல் தாக்கி இறக்கிறார்கள். பெரும்பாலோர் வயலில் நாற்று நடும் விவசாயிகளும் ஆடு மேய்ப்பவர்களும். 2015இல் அந்த மாநிலம் மின்னலையும் தன் பேரிடர்ப் பட்டியலில் சேர்த்தது; இறந்தோர் குடும்பத்துக்கு நான்கு லட்சம் ரூபாய் வழங்குகிறது. புனேயின் வெப்பமண்டல வானிலை ஆய்வு நிலையம் உருவாக்கிய தாமினி என்னும் கைபேசிச் செயலி, மின்னல் அபாயத்தை அரைமணி நேரம் அளவில் முன்கூட்டிச் சொல்கிறது. வெட்டவெளியில் உயர்ந்து நின்று இடியைத் தான் வாங்கிக்கொள்ளும் பனையை வயலோரங்களில் நடுவதற்கும் ஒடிசா அரசு திட்டம் வகுத்திருக்கிறது. பனை முளைத்து வளர்ந்து உயர்வதற்குப் பல ஆண்டுகள் ஆகும். அதுவரை, சேற்றில் நிற்கும் பெண்ணின் கையில் கைபேசி இருக்காது என்பதால், அந்த அரைமணி நேரத்துக்குள் வரப்பில் ஓடிப்போய்க் குரல் கொடுக்க ஊரில் ஓர் ஆள் வேண்டும். அந்த ஆளுக்கான பயிற்சியைத்தான் மாவட்டங்கள் இப்போது தொடங்க வேண்டியிருக்கிறது.