மார்கழிக் குளிரில் அலறும் பட்டை

மார்கழி மாதத்து விடியற்காலையில் ஸ்ரீவில்லிபுத்தூர் வீதிகளில் எழும் ஒலிகள் பல. கோயிலில் திருப்பாவை ஓதும் குரல் ஒன்று. பால்காரரின் மணியோசை ஒன்று. இவற்றுக்கிடையே எங்கோ ஒரு கொட்டகையில் ஒருவர் மோட்டார் வண்டியைக் கிளப்புகிறார். உடனே தெருவே திடுக்கிடும்படி 'கிரீச்' என்று ஓர் அலறல். இரண்டு மூன்று நிமிஷம் கத்திவிட்டு அது தானாகவே அடங்கிவிடுகிறது. "பனிக்குக் கத்துகிறது, சூடேறினால் சரியாகிவிடும்" என்கிறார் வண்டிக்காரர். அவர் சொல்வதில் பாதி உண்மை இருக்கிறது. மற்றப் பாதியைத் தேடுவதே இந்தப் பேச்சின் நோக்கம்.

அலறுவது எஞ்சின் அன்று. அதன் முகப்பில் ஓடும் ரப்பர்ப் பட்டை. 'ஃபேன் பெல்ட்' என்று பட்டறைகளில் சொல்வார்கள். எஞ்சினின் தண்டு சுழலும்போது இந்தப் பட்டை மின்சாரம் உண்டாக்கும் ஆல்டர்னேட்டரைச் சுழற்றுகிறது. பல வண்டிகளில் எஞ்சினைக் குளிர்விக்கும் தண்ணீர்ப் பம்பையும் அதுவே சுழற்றுகிறது. பற்சக்கரம் இல்லை, சங்கிலி இல்லை. வெறும் உராய்வுதான் இந்த வேலை முழுவதையும் செய்கிறது.

உராய்வை இவ்வளவு நம்பலாமா என்று மாணவர்கள் கேட்கலாம். ஆண்டாள் அருளிய திருப்பாவையின் ஏழாம் பாட்டில் ஆய்ச்சியர் தயிர் கடையும் ஓசை வருகிறது. மத்தைச் சுற்றிய கயிறு வழுக்காமல் அதைச் சுழற்றுவது எப்படி? கயிறு தறியைத் தழுவும் அளவு கூடக்கூட, அதன் பிடிப்பு கூட்டல் கணக்கில் அல்ல, பெருக்கல் கணக்கில் ஏறுகிறது. 18ஆம் நூற்றாண்டில் ஆய்லர் என்ற கணித மேதை இதற்கு ஒரு சூத்திரமே வகுத்தார். உராய்வுக் குணகம் 0.3 என்று கொள்வோம். தட்டையான பட்டை ஒன்று கப்பியில் அரைச் சுற்றுத் தழுவினால், அதன் இறுகிய பக்கத்து இழுவிசை தளர்ந்த பக்கத்து இழுவிசையைப்போல் சுமார் 2.5 மடங்கு வரை போகலாம்; அதற்கு மேல் வழுக்கும்.

ஆனால் மோட்டார்ப் பட்டை தட்டையானதன்று. அதன் குறுக்குவெட்டு ஆப்புப்போல் கீழே குறுகியிருக்கும். கப்பியின் பள்ளமும் அவ்வாறே. தேரோட்டத்தின்போது சக்கரத்தின் அடியில் முட்டுக்கட்டை கொடுப்பவர்களைப் பார்த்திருப்பீர்கள். ஆப்பு நெருக்கினால் பிடி எப்படி வலுக்கும் என்பதை அவர்களுக்கு யாரும் கற்பிக்க வேண்டியதில்லை. பள்ளத்தின் கோணம் 38 பாகை என்றால், அதே 0.3 உராய்வில் நான் சொன்ன 2.5 மடங்கு, சுமார் 18 மடங்காக உயர்ந்துவிடுகிறது. இன்றைய வண்டிகளில் ஓடும் அகன்ற வரிப்பட்டையும் இப்படிப்பட்ட சிறு ஆப்புகள் பலவற்றை அடுத்தடுத்து வைத்ததுதான்.

இப்போது பனியைச் சேர்த்துப் பாருங்கள். ஈரத்தால் உராய்வு பாதியாகக் குறைந்தால் பதினெட்டும் பாதியாகி ஒன்பதாகும் என்று நினைப்போம். அதுதான் இல்லை, அது நாலேகால் மடங்குக்கு விழுந்துவிடும்! பிடி தளர்ந்த பட்டை ஒரு கணம் பற்றுகிறது, மறு கணம் வழுக்குகிறது, மீண்டும் பற்றுகிறது. வினாடிக்குப் பல நூறு முறை நிகழும் இந்தத் துடிப்பே நம் காதுக்கு அலறலாக வருகிறது. வயலின் வில் தந்தியைப் பற்றுவதும் விடுவதும் இதே நியதிப்படிதான். அங்கே அது இன்னிசை ஆகிறது. இங்கே அண்டைவீட்டாரின் தூக்கம் போகிறது.

பனி உறையும் நாடுகளில் எழுதப்பட்ட நூல்கள், குளிரில் ரப்பர் விறைத்துவிடுவதைப் பெரிய காரணமாகச் சொல்லும். அதை அப்படியே இராஜபாளையத்துக்குப் பொருத்துவது சரியாகாது. மேற்குத் தொடர்ச்சி மலையின் அடிவாரமானாலும் இது உறைபனி விழும் ஊர் அன்று. மார்கழிக் குளிர் ரப்பரைச் சற்று விறைக்கச் செய்யலாம்; அலற வைக்கும் அளவுக்கு அதற்குத் தனியே வலிமை இல்லை. இங்கே முக்கியமானவை இரண்டு: ஒன்று, கப்பியில் படியும் ஈரம், மற்றொன்று, பாட்டரி.

பாட்டரிக்கும் சத்தத்துக்கும் என்ன உறவு? குளிர்ந்த எஞ்சினைச் சுழற்றிக் கிளப்பியதில் பாட்டரி கொஞ்சம் களைத்திருக்கும். எஞ்சின் ஓடத் தொடங்கியதும் அந்த இழப்பை ஆல்டர்னேட்டர் ஈடுசெய்ய முயல்கிறது. 14 வோல்ட்டில் 60 ஆம்பியர் கொடுத்தால் அது 840 வாட். ஆல்டர்னேட்டரில் வீணாகும் பங்கையும் சேர்த்தால், பட்டை சுமக்க வேண்டியது ஏறக்குறைய இரண்டு குதிரைசக்தி. ஈரமும் பாரமும் ஒரே வேளையில் வந்து சேர்கின்றன. சில நிமிஷத்தில் ஈரம் உலர்கிறது; பாட்டரியின் பசியும் தணிகிறது; அலறல் நிற்கிறது. வண்டிக்காரர் கண்ட பாதி உண்மை இதுதான்.

மற்றப் பாதி, நல்ல நிலையில் உள்ள பட்டை இந்த இரண்டையும் தாங்கிக்கொள்ளும் என்பது. தாங்காமல் அலறினால் இழுப்பு தளர்ந்திருக்க வேண்டும், அல்லது பட்டை தேய்ந்திருக்க வேண்டும்.

கண்டுபிடிக்கும் வழி எளிது. எஞ்சின் சூடாகி உலர்ந்த பின் முகவிளக்குகளையும் மற்ற மின்கருவிகளையும் ஒருசேரப் போடுங்கள். அப்போது அலறினால் பாரம் தாங்கவில்லை என்று பொருள். அடுத்து, தூரத்தில் நின்று பட்டையின் உட்பக்கத்தில் சிறிது தண்ணீர் தெளியுங்கள். அலறல் கூடினால் இழுப்புத் தளர்ச்சி. அலறலாக இல்லாமல், குருவி கத்துவதுபோல் விட்டு விட்டுக் 'கீச் கீச்' என்று கேட்டு, தண்ணீர் பட்டதும் சிறிது நேரம் அடங்கினால், கப்பிகள் ஒரே நேர்கோட்டில் இல்லை. நேரான ஒரு சட்டத்தை வைத்துப் பார்த்தால் கோணல் தெரியும். இரண்டுக்கும் மாறாமல் உறுமலாகவே இருந்தால் பேரிங்கைச் சந்தேகிக்க வேண்டும். பட்டையைக் கழற்றிக் கப்பியைக் கையால் சுற்றிப் பார்த்தால் அதன் கரகரப்பு விரலுக்கே தெரியும். தண்ணீர் தெளிக்கும்போது வேட்டி நுனியோ தாவணியோ பட்டையின் அருகே போகக் கூடாது. மற்றச் சோதனைகளைச் சாவியை எடுத்து எஞ்சினை நிறுத்திய பிறகே செய்ய வேண்டும்.

பழைய மாதிரி ஒற்றை ஆப்புப் பட்டையானால், நீண்ட பகுதியின் நடுவில் கட்டைவிரலால் அழுத்தும்போது சுமார் அரை அங்குலம் அமிழ்வது பொதுவான அளவு. கப்பிப் பள்ளத்தின் அடித்தளம் பளபளத்தால், பட்டை தேய்ந்து அடியைத் தொட்டுவிட்டது. ஆப்பின் பயன் அங்கே போயிற்று. அதை எவ்வளவு இறுக்கினாலும் பலன் இல்லை, மாற்றத்தான் வேண்டும். சத்தம் நிற்கட்டும் என்று அளவுக்கு மீறி இறுக்குபவர்கள் பட்டையின் விலையை மிச்சப்படுத்தி, பேரிங்கின் விலையைக் கொடுக்கிறார்கள். சோப்பு, மெழுகு, எண்ணெய் தடவுவது இதனினும் மோசம். எண்ணெய் பட்ட ரப்பர் ஊறி உப்பி மேலும் வழுக்கும்.

இவ்வளவு கவலை எதற்கு, தானாக நின்றுவிடுகிறதே என்று தோன்றலாம். வழுக்கும் பட்டை ஒவ்வொரு காலையும் உராய்ந்து சூடேறுகிறது. அதன் பக்கங்கள் கண்ணாடிபோல் மெருகேறுகின்றன. மெருகேறினால் மேலும் வழுக்குகிறது. கடைசியில் ஒரு நாள் அறுகிறது. இராஜபாளையத்திலிருந்து தென்காசி, செங்கோட்டை வழியாக ஆரியங்காவுக் கணவாய் ஏறும் ஒரு வண்டியில் இது நடப்பதாக வைத்துக்கொள்வோம். முதலில் பாட்டரி விளக்கு சிவப்பாக எரியும். பம்பும் அந்தப் பட்டையிலேயே ஓடுகிறதென்றால் தண்ணீர் ஓட்டம் நின்று, உஷ்ணமானியின் முள் விறுவிறுவென்று ஏறும். முள் ஏறக் கண்டதும் வண்டியை ஓரங்கட்டி எஞ்சினை நிறுத்த வேண்டும். கொதிக்கும் ரேடியேட்டரின் மூடியை அப்போது திறக்கக் கூடாது. 'அடுத்த ஊர் வரைக்கும் போய்விடலாம்' என்று ஓட்டிக்கொண்டே போனால், எஞ்சினின் தலைப்பகுதி வெப்பத்தால் கோணிவிடும். அதன்பின் பட்டறைக்காரர் கேட்கும் தொகையில் பட்டைகள் எத்தனையோ வாங்கியிருக்கலாம்.