‘சர்வர் டவுன்’ என்றால் யார் பொறுப்பு?



கையில இருக்கிற போன்லயே மின் கட்டணம் கட்டுறீங்க, சான்றிதழுக்கு விண்ணப்பிக்கிறீங்க, ரயில் டிக்கெட் எடுக்கிறீங்க. எல்லாம் ஒழுங்கா நடக்கிற வரைக்கும் அதுக்குப் பின்னால யார் இருக்காங்கன்னு நாம யோசிக்கிறதில்லை. ஓடிபி வரலை, பணம் போயிடுச்சு ஆனா ரசீது வரலை என்றால்தான் கேள்வி எழுகிறது. பதிலும் பெரும்பாலும் ஒன்றுதான்: ‘சர்வர் டவுன்’.

சர்வர் மேல பழி போடுறது சுலபம். ஆனால் மென்பொருளின் தரம் அதை எழுதுபவரின் மேசையில் மட்டும் முடிவாவதில்லை. அவருக்கு மேலே இருக்கும் தலைவர் எதைக் காது கொடுத்துக் கேட்கிறார், எதைக் கேட்க மறுக்கிறார் என்பதையும் பொறுத்தது. இரண்டு நாடுகளில் நடந்ததைச் சொல்கிறேன், நீங்களே பாருங்க.

முதலில் அமெரிக்கா. மருத்துவக் காப்பீடு எடுப்பதற்கான ‘ஹெல்த்கேர் டாட் கவ்’ என்ற அரசு இணையதளம் 2013 அக்டோபர் 1 அன்று திறக்கப்பட்டது. 36 மாநில மக்களுக்கான தளம். முதல் நாளிலேயே லட்சக்கணக்கானோர் வந்து குவிந்தார்கள். கடைசிப் படி வரை போய்க் காப்பீட்டுக்குப் பதிவு செய்ய முடிந்தவர்கள் எத்தனை பேர் தெரியுமா? வெறும் 6 பேர்!

காரணம் என்ன? பல நிறுவனங்கள் ஆளுக்கொரு பகுதியைச் செய்தன. எல்லாவற்றையும் ஒன்றாக இணைத்துச் சோதித்தது கடைசி இரண்டு வாரங்களில்தான் என்று ஒப்பந்த நிறுவனங்களே நாடாளுமன்றக் குழுவிடம் சொன்னார்கள். காப்பீட்டுத் திட்டங்களைச் சும்மா பார்க்கணும்னாலும் முதலில் கணக்குத் தொடங்கியாக வேண்டும். கல்யாண மண்டபத்துக்கு ஒரே ஒரு குறுகலான வாசல் வைத்த மாதிரி, எல்லாரும் அங்கேயே நெரிசலில் மாட்டிக்கிட்டாங்க. திறப்பு விழாத் தேதி மட்டும் அசையவே இல்லை.

பிறகு ஒரு சிறிய மீட்புக் குழு வந்தது. தளம் இப்போது எப்படி ஓடுகிறது என்பதை எல்லோரும் ஒரே திரையில் பார்க்க முதலில் வழி செய்தார்கள். தினமும் கூட்டம் நடந்தது. அந்தக் கூட்டங்களுக்கு மைக்கி டிக்கர்சன் என்ற பொறியாளர் வைத்த விதிகள் எளிமையானவை: இங்கே பிரச்சினையைத் தீர்க்கத்தான் பேசணும், பழி போடுறதுக்கு இல்லை, பதவியில் பெரியவர் அல்ல, விஷயம் தெரிந்தவரே பேசணும், அடுத்த ஓரிரு நாளில் நம்மைக் கவிழ்க்கக்கூடியதை முதலில் கவனிக்கணும். பழைய நிறுவனங்களின் பொறியாளர்கள் பலர் அங்கேதான் இருந்தார்கள். மாறியது வேலை நடந்த விதம். டிசம்பர் தொடக்கத்தில் பெரும்பாலானோருக்குத் தளம் ஒழுங்காக வேலை செய்தது. 2014 ஏப்ரலுக்குள், மாநிலங்களின் சொந்தத் தளங்களையும் சேர்த்து, சுமார் 80 லட்சம் பேர் பதிவு செய்திருந்தார்கள்.

அடுத்தது பிரிட்டன். இது மனதைக் கனக்கச் செய்யும் கதை. அங்கே அஞ்சலகங்களில் 1999 முதல் ‘ஹொரைசன்’ என்ற கணக்கு மென்பொருள் வந்தது. கிளை அஞ்சலகம் நடத்தியவர்களின் கணக்கில் காரணமே இல்லாமல் பணம் குறைவதாகக் காட்டியது. “நாங்க தப்பு பண்ணலை, கம்ப்யூட்டர்ல கோளாறு” என்று அவர்கள் சொன்னார்கள். மேலிடம் மென்பொருளை நம்பியது, மனிதர்களை நம்பவில்லை. ‘உங்களுக்கு மட்டும்தான் இந்தப் பிரச்சினை’ என்று பலருக்கும் பதில் வந்தது. சொந்தப் பணத்தைப் போட்டு ஈடுகட்டியவர்கள் ஏராளம். 900-க்கும் மேற்பட்டோர் குற்றவாளிகளாகத் தீர்ப்பளிக்கப்பட்டார்கள். சிலர் சிறைக்கே போனார்கள். மென்பொருளில் பிழைகள் இருந்தது உண்மைதான் என்று 2019 டிசம்பரில் உயர் நீதிமன்றம் தீர்ப்பளித்தது. தண்டனைகளை மொத்தமாக ரத்து செய்ய 2024-ல் தனிச் சட்டமே கொண்டு வர வேண்டியிருந்தது.

பிழை இல்லாத மென்பொருள் உலகத்தில் கிடையாது. பிழையைச் சொன்னவரை என்ன செய்தார்கள் என்பதில்தான் இரண்டு கதைகளும் பிரிகின்றன.

அப்படியானால் தரத்தை மதிக்கும் தலைவர் என்ன செய்வார்?

ஒன்று, கெட்ட செய்தியோடு வருபவரைத் திட்ட மாட்டார். ஜப்பானின் டொயோட்டா தொழிற்சாலைகளில் கோளாறைக் கண்ட எந்தத் தொழிலாளியும் எச்சரிக்கை கொடுத்து, தேவைப்பட்டால் உற்பத்தியையே நிறுத்தலாம். மென்பொருள் குழுவிலும் ‘இது இன்னும் தயாராகலை’ என்று சொல்லும் உரிமை கடைசி ஊழியருக்கும் வேண்டும்.

இரண்டு, ஒரே நாளில் ஊர் முழுக்கத் திறந்துவிட மாட்டார். முதலில் கொஞ்சம் பேர், பிறகு ஒரு மாவட்டம், அதன் பிறகே எல்லோருக்கும்.

மூன்று, பழைய போனிலும் மெதுவான நெட்டிலும் தானே பயன்படுத்திப் பார்ப்பார். அலுவலக வைஃபையில் வேகமாக ஓடுவது பெரிய விஷயமில்லை.

நான்கு, எத்தனை பேர் செயலியைப் பதிவிறக்கினார்கள் என்று மட்டும் கேட்க மாட்டார். எத்தனை பேருக்கு வேலை முடிந்தது, பாதியில் விட்டவர்கள் எந்த இடத்தில் விட்டார்கள் என்று கேட்பார்.

ஐந்து, கோளாறு நடந்த பிறகு ‘யார் செய்தது?’ என்பதோடு நிறுத்தாமல், ‘இது நம்ம சோதனையில் ஏன் சிக்கலை?’ என்று கேட்டு, பதிலை எழுதி வைப்பார்.

இதில் உங்களுக்கும் பங்கு இருக்கு. ‘ஆப் வேலை செய்யலை’ என்று மட்டும் எழுதினால் யாராலும் கண்டுபிடிக்க முடியாது. எந்தச் சேவை, எந்தத் தேதி, எத்தனை மணி, எந்தத் திரையில் நின்றது, என்ன செய்தி வந்தது, போன் என்ன மாடல் என்று எழுதுங்க. விண்ணப்ப எண்ணும் ஸ்கிரீன்ஷாட்டும் சேர்த்து அனுப்புங்க. ஆனால் ஓடிபி, கடவுச்சொல் இவற்றை யாருக்கும் அனுப்பாதீங்க. ஆதார் எண், வங்கி எண் தெரிந்தால் மறைச்சுட்டு அனுப்புங்க. புகார் எண்ணை மறக்காம வாங்கி வச்சுக்கோங்க. ‘உங்களுக்கு மட்டும்தான்’ என்று பதில் வந்தால், பக்கத்து வீட்டில், தெருவில் கேட்டுப் பாருங்க. இன்னும் நாலு பேருக்கு அதே சிக்கல் இருந்தால், தனித்தனியே புகார் செய்யச் சொல்லுங்க.

உங்களில் பலர் ஏதோ ஓர் அலுவலகத்தில், கடையில், சுயஉதவிக் குழுவில் நாலு பேருக்குத் தலைவராக இருப்பீங்க. நாளைக்கு ஒருவர் வந்து ‘இதில் ஏதோ தப்பு இருக்கு’ என்று சொன்னால், முதலில் அவரை உட்காரச் சொல்லுங்க. முழுசாகக் கேளுங்க. தரம் அங்கிருந்துதான் தொடங்குகிறது.