வேதாகமத்தின் ஓரத்தில் எழுதலாமா?

(சபையின் ஆண்டுவிழா வாரத்தில், வேதபாட வகுப்பில் ஆற்றிய உரை)



வாலிபர் கூட்டத்தில் ஒரு பிள்ளை என்னிடம் கேட்ட கேள்வியையே இன்று எடுத்துக்கொள்கிறேன். "அங்கிள், பைபிளில பேனையால எழுதலாமா? அது பாவம் எண்டு அம்மம்மா சொல்லுறா."

அம்மம்மா சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. கால் பட்ட புத்தகத்தைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டு வளர்ந்தவர்கள் நாங்கள். தேவனுடைய வசனத்துக்குப் பக்கத்தில் என்னுடைய வார்த்தையா என்று தயங்குவது நல்ல பயமே. வேதத்தோடு ஒன்றையும் கூட்டக்கூடாது என்று வெளிப்படுத்தின விசேஷத்தின் கடைசி அதிகாரமும் எச்சரிக்கிறது.

ஓரத்தில் இருக்கும் ஒரு சிறிய வரிக்குப் பெரிய பலம் உண்டு. 1560இல் வெளிவந்த ஜெனீவா ஆங்கில வேதாகமத்தில் ஓரக்குறிப்புகள் நிறைய அச்சிடப்பட்டிருந்தன. யாத்திராகமம் 1:19இல் எபிரெய மருத்துவச்சிகள் பார்வோனுக்குக் கீழ்ப்படியாதது சரியே என்ற குறிப்பு முதலாம் ஜேம்ஸ் மன்னருக்குப் பிடிக்கவில்லை. அவருடைய ஆதரவில் 1611இல் வந்த மொழிபெயர்ப்பில் அப்படிப்பட்ட விளக்கக் குறிப்புகளுக்கு இடம் கொடுக்கப்படவில்லை.

ஆனால் நாம் கையால் எழுதுவது பிறருக்குப் போதிக்கும் விளக்கம் அல்ல. வாசித்தபோது நமக்குள் நடந்ததற்கு அது ஒரு சாட்சி. இசைமேதை பாக் ஒரு விளக்க வேதாகமத்தை வைத்திருந்தார். 3 தொகுதிகள், 1733 என்ற ஆண்டோடு தம் பெயரை அதில் எழுதியிருக்கிறார். அச்சுப்பிழைகளைத் திருத்தி, வரிகளைக் கோடிட்டு வாசித்திருக்கிறார். ஆலயத்தில் பாடகரும் பூரிகை ஊதுகிறவர்களும் ஒருமித்துத் துதித்ததைச் சொல்லும் 2 நாளாகமம் 5:13இன் அருகில், பக்தியோடு இசைக்கும் இடத்தில் தேவன் கிருபையோடு இருக்கிறார் என்ற கருத்தை எழுதிவைத்தார். அந்தப் புத்தகம் 1934இல் அமெரிக்காவின் மிச்சிகன் மாநிலத்தில் ஒரு வீட்டில் இருப்பது தெரியவந்தது. ஆலயத்துக்காக இசை எழுதியவரின் இருதயத்தில் என்ன இருந்தது என்பதை அந்த ஓரங்கள் காட்டுகின்றன.

இப்போது என் வீட்டுக் கதை. அம்மா கர்த்தருக்குள் நித்திரையடைந்த பிறகு அவருடைய பொருட்களைப் பிரித்தோம். அதே பதிப்பு வேதாகமம் என்னிடமும் இருந்ததால், அவருடையதை யாருக்காவது கொடுத்துவிடலாம் என்று எடுத்துவைத்தேன். கொடுப்பதற்கு முன் சும்மா திறந்து பார்த்தேன்.

சங்கீதம் 91இன் ஓரத்தில்: "83 ஆடி. பள்ளிக்கூட முகாம். 9 நாள்." பனி பஞ்சைப்போல் விழுவதைச் சொல்லும் சங்கீதம் 147:16இல்: "ரொறன்ரோ. முதல் பனி கண்டேன்." மத்தேயு 18:22, ஏழெழுபதுதரம் மன்னிக்கச் சொல்லும் இடத்தில்: "எனக்கு ஏலாமல் இருக்கு. 1991." அதன் கீழே வேறு மையில்: "ஆண்டவரே நன்றி. 1999."

யாரை மன்னிக்க அந்த 8 வருஷம் போராடினார் என்று எழுதவில்லை. அது நானாகவும் இருக்கலாம். அந்த வருஷங்களில் நான் அவருக்குக் கொடுத்த நோவு கொஞ்சமல்ல. ஒவ்வொரு ஞாயிறும் எனக்குப் பக்கத்தில் இருந்து பாட்டுப் பாடியவரின் உள்ளே நடந்த போராட்டம் எனக்குத் தெரியாது. கோடு படாத புத்தகமாக இருந்திருந்தால், நானே அதைக் கைமாற்றியிருப்பேன்.

ஆகவே, எழுதுங்கள் என்பதே என் பதில். சில யோசனைகளும் சொல்கிறேன்.

வேதாகமத் தாள் மெல்லியது. மை பின்பக்கம் ஊறும். பென்சில் நல்லது. எழுதும்போது தேதி போடுங்கள். தேதி இருந்தால்தான், எழுதியது அன்றைய உங்கள் நிலை, மாறாத சத்தியம் வசனம் மட்டுமே என்பது வாசிப்பவருக்கு விளங்கும். பிறர் குற்றத்தை எழுதாதீர்கள்; "இது இன்னாருக்கு" என்று ஒரு வசனத்துக்கு நேராகப் பெயர் போட்டால், அது உங்களோடு பேச வந்த வசனத்தை அடுத்த வீட்டுக்கு அனுப்புவதாகும். சபையின் புத்தகத்திலும் இரவல் புத்தகத்திலும் எழுதவேண்டாம். கோடு போட்ட வசனங்களையே கண் தேடிப் போகும். அதனால் இடையிடையே கோடில்லாத ஒரு பிரதியிலும் வாசியுங்கள். மனம் இன்னும் கூசினால் ஒரு கொப்பியில் எழுதுங்கள். இஸ்ரவேலின் ராஜாவும் நியாயப்பிரமாணத்தைத் தனக்கென்று ஒரு பிரதி எழுதிவைத்து, உயிரோடிருக்கும் நாளெல்லாம் வாசிக்கவேண்டும் என்றுதான் உபாகமம் 17இல் கட்டளை இருக்கிறது.

இன்னொன்று. நம் பேரப்பிள்ளைகளில் பலருக்குத் தமிழ் வாசிக்க வராது. நம் காலத்துக்குப் பிறகு நம்முடைய தமிழ் வேதாகமங்கள் எங்கே போகும்? என் மகள் அம்மாவின் எழுத்தை என்னிடம் எழுத்துக்கூட்டிக் கேட்கிறாள். "ப, னி, பனி" என்று அவள் முதலில் வாசித்தது அந்த ஓரத்தில்தான். இப்போது அவள் கண் ஓரத்திலிருந்து வசனத்துக்குப் போகத் தொடங்கியிருக்கிறது.

இந்த மலரை மூடிவைத்ததும் உங்கள் வேதாகமத்தைத் திறந்து, இன்றைய தேதியை ஒரு வசனத்தின் பக்கத்தில் எழுதுங்கள். கர்த்தர் உங்களையும் உங்கள் சந்ததியையும் ஆசீர்வதிப்பாராக. ஆமென்.