தோட்டத்துக்கு எட்டாத ஏடு



நம் கெடாவுக்கு அடுத்த வீடான பினாங்கில் 1977-இல் தோன்றியது அலிரான் இயக்கம். சந்திரா முசாபரும் நண்பர்களும் தொடங்கியது. இனம் பாராத நீதி, பேச்சுரிமை, தூய நிர்வாகம் என்று அதன் இதழ் துணிந்து எழுதியது. ஆனால் ஆங்கிலத்தில் எழுதியது. பால்மரம் வெட்டிவிட்டு லயத்துக்குத் திரும்பியவர் அதை எப்படிப் படிப்பார்? 1947-இல் பீடோங் வட்டாரத்தில் கள்ளுக்கடைகளை எதிர்த்த தொண்டர் படையினர் தமிழில் பேசித்தானே திரண்டார்கள்!

அலிரான் மலாய் இதழுக்கு அனுமதி கேட்டது. உள்துறை அமைச்சு மறுத்தது. 1987-இல் உயர் நீதிமன்றம் அலிரானுக்குச் சாதகமாகத் தீர்ப்பளித்தது. பின்னர் உச்ச நீதிமன்றம் அதை மாற்றிவிட்டது. கவனியுங்கள், ஆங்கில இதழுக்கு அனுமதி உண்டு, மலாய்க்கு இல்லை! கருத்தைவிட அது யார் வீட்டுக்குப் போகும் என்பதே பெரிய கவலை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது. அதே ஆண்டு அக்டோபரில், ஓப்பராசி லாலாங் கைது நடவடிக்கையில் சந்திராவும் தடுத்து வைக்கப்பட்டார்.

ஆண்டுதோறும் பெர்மிட் புதுப்பிக்கும் விதி 2012-இல் நீங்கியது. பெர்மிட் வாங்கும் விதி நீங்கவில்லை. அலிரான் இன்று இணையத்தில் எழுதுகிறது; அதற்குப் பெர்மிட் வேண்டாம்.

தொலைக்காட்சியில் இருந்துகொண்டு ஏட்டைப் பற்றிப் பேசுவது வேடிக்கைதான். இருந்தாலும் கேட்கிறேன்: தோட்டம் விற்கப்பட்டு வீடில்லாமல் நிற்கும் குடும்பத்தின் வழக்கை, அதிகாரி படிக்கும் மலாயில் எத்தனை பேர் எழுதுகிறோம்? மலாய் நன்றாக எழுதும் பிள்ளைகள் இப்போது வீட்டுக்கு வீடு இருக்கிறார்கள். விவரத்தைச் சொல்லுங்கள், எழுதட்டும்.